ஏழாம் நம்பரில் ஆள் இருக்கிறது

மேற்குமலை அடிவாரத்தில், மழை பெய்தாலும் பொய்த்தாலும் வேளைக்கு வேளை சங்கு ஊதத் தவறாத பவளம் மில்லில், கார்டிங் ஃபிட்டர் சங்கரபாண்டி ஏழாம் நம்பர் மிஷினின் சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, பழைய பேரிங்கைக் கழற்றிப் புதுசைப் பாதிவரைக்கும் ஏற்றி, மீதியை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சுத்தியலை உள்ளேயே வைத்துவிட்டு, "ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனவன், கேண்டீன் வேப்பமரத்தடியில் கையில் கிளாசோடு உட்கார்ந்தவாக்கிலேயே செத்துப்போனான். நெஞ்சைப் பிடிக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. டீ ஆறிப்போகிறதே என்று கேண்டீன்காரர் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. கார்டிங் என்றால் பஞ்சைச் சீவிச் சீராக்குகிற மிஷின். உள்ளே உடம்பெல்லாம் ஊசிப்பல் முளைத்த பெரிய உருளை ஒன்று சுற்றும். அது விரலைக் கேட்டு வாங்குவதில்லை, தானாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே வேலைக்கு இறங்குகிறவன் கரண்டை நிறுத்தி, சுவிட்சுக் கொண்டியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவன்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் மிஷின் மூடியில் தட்டி "உள்ள ஆள் இருக்கா?" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். மற்ற மிஷின்களின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால், உள்ளே இருப்பவன் கையில் இருக்கிற இரும்பால் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டு வந்தால் மில் முதலாளியே வந்தாலும் எதையும் தொடக்கூடாது. வராவிட்டால், பூட்டை எடுத்தவர் ஷெட்டுக்கே கேட்கும்படி "ஆள் இல்லை" என்று கத்த வேண்டும். பக்கத்து மிஷின்காரர் "இல்லை" என்பார், அடுத்தவர் "இல்லை" என்பார், அப்படியே கடைசிச் சுவர்வரைக்கும் அந்தச் சொல் போய் முட்டிய பிறகுதான் பச்சைப் பொத்தானை அமுக்கலாம். சாமிக்குச் சூடம் காட்ட மறந்தாலும் மறப்பார்களே தவிர இதை மறக்கமாட்டார்கள்.

சங்கரபாண்டிக்குக் கொள்ளி வைத்த மறுநாள், சாவி அவனோடு எரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதால், பூட்டை அறுப்பதற்கு ரம்பத்தோடு வந்தார் மேஸ்திரி அய்யாத்துரை. அறுக்கப்போகிற பூட்டுக்கும் முறை முறைதானே என்று மூடியில் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்றார்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

அவர் பூட்டுக்கு மேலே வைத்த ரம்பத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். பாதி ஏறிய பேரிங்கும் சுத்தியலும் கொஞ்சம் பஞ்சுத் தூசியும்தான் இருந்தன. மூடியை மாட்டிக் கேட்டார்கள், தட்டு வந்தது. இதென்ன கூத்து என்று மானேஜர் கோட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து தானே கேட்டார். அவருக்கும் வந்தது, அவர் மானேஜர் என்பதற்காக மூன்றாவதாக ஒரு தட்டு மரியாதைக்குக்கூட வரவில்லை. "ரூல் படி ஆள் இருக்குய்யா. அறுத்தா நாளைக்கு ஒரு பய பூட்ட நம்பி உள்ள எறங்க மாட்டான்" என்றார் அய்யாத்துரை. மானேஜருக்கும் அது சரியென்றுதான் பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஏழாம் நம்பரை விட்டுவிட்டு உற்பத்தியைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், ஆனால் இந்த விஷயத்தில் ஊர் அதிகம் பேசவில்லை. பூட்டை எடுக்காமல் போனவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது மில் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், அதனால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். கேண்டீன்காரர், அன்றைக்குப் பாதியில் விட்ட டீக்கு ஈடாக, தினமும் பத்து மணிக்கு ஏழாம் நம்பர் பக்கத்தில் ஒரு கிளாஸ் வைத்தார். சாயங்காலம் ஆறிப்போனதை எடுத்து வேப்பமரத்துக்கு ஊற்றினார். சங்கரபாண்டி இடத்துக்குப் புது ஆள் எடுக்கக்கூடாது, அவர் வேலையில் இருக்கிறார் என்று சங்கத்தார் கொடி பிடித்தார்கள். சின்ன ஃபிட்டர்கள் போல்ட்டு இறுகவில்லை என்றால் ஏழாம் நம்பரிடம் போய், "அண்ணே, இடது பக்கமாண்ணே?" என்று கேட்டுவிட்டுக் காதை வைத்தார்கள். கல்யாணம் தள்ளிப்போன பெண்கள் மூடியில் ஒரு முழம் கதம்பம் போட்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாத மனுஷனுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள். மற்ற நேரமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், உள்ளே சுத்தியல் பேரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அவன் பெண்டாட்டி குருவம்மாள் அதே மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை பார்த்தாள். பிள்ளை இல்லை. வளையல் உடைக்கிற சடங்குக்குச் சொந்தக்காரப் பெண்கள் கூடி உட்கார்ந்தபோது, அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "வேலையில இருக்குற மனுசனுக்கு நான் எதுக்கு வளையல ஒடைக்கணும்?" என்று கேட்டாள். நாத்தனார் அழுது பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். "மில்லுல போய்க் கேளுங்க, தட்டுவாக" என்றாள் குருவம்மாள்.

இனி சொல்லப்போவது அந்தச் சமயம் ஊருக்குத் தெரியாது. சாவி எரியவில்லை. சங்கரபாண்டி அதை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தான். குளிப்பாட்டியபோது கயிற்றை அறுத்தவர், இது உன் வீட்டுச் சாவியாம்மா என்று அவள் மடியில் போட்டார். அவள் ஆமாம் என்றாள். அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் புதைத்து வைத்தாள். அந்தப் பூட்டு தொங்குகிறவரைக்கும் அவள் புருஷன் ஷிப்டில் இருக்கிறான். ஷிப்டில் இருக்கிறவனுக்குப் பெயர் பிணம் இல்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான், அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது சாயங்காலம்தான். முதல் ஷிப்ட் முடிந்து அவன் வரும்போது தலையும் புருவமும் பஞ்சு ஒட்டி வெளுத்திருக்கும். அவள் கொல்லையில் தட்டிமறைப்புக்குப் பக்கத்தில் வெந்நீர் வைத்திருப்பாள். அவன் கிரீஸ் கையோடு அப்படியே சோப்பைத் தூக்குவான், வெள்ளைச் சோப்பில் கட்டைவிரல் கறுப்பாகப் பதியும், அவள் கத்துவாள். அந்த ஒரு சண்டைதான் அவர்களுக்குள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் போட்டார்கள்.

கார்டிங் பகுதியில் பெண்களுக்கும் பராமரிப்பு வேலை கற்றுக்கொடுக்கப் போவதாக மில் அறிவித்ததும், முதலில் பேர் கொடுத்தது குருவம்மாள்தான். புருஷன் தொழிலைக் கைவிடாமல் பிடிக்கிறாள் பார் என்று ஊர் மெச்சியது. அவளுக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. நூல் பகுதியிலிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் தெரியாது, அதுதான் காரணம்.

சொல்லிக்கொடுக்க வந்த ஜெபராணி, நாசரேத் பக்கம், பாலிடெக்னிக் முடித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஆள் ஒல்லி, குரல் மட்டும் கண்டக்டர் குரல். தன்னைவிட மூத்த பெண்களை அக்கா என்பாள், அவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். முதல்நாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒரு காலி டிபன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "வளையல், மோதிரம், செயின், தாலி, எல்லாம் இதுல கழட்டி வைங்கக்கா. மிஷினுக்குப் பக்கத்துல தொங்குறது எதுவும் ஆகாது" என்றாள்.

பெண்கள் குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாலியுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"மாட்டுச்சுன்னா கழுத்தோடதான் இழுக்கும். மிஷினுக்குத் தாலின்னு தெரியாது."

சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேர் கூடி அழுதும் கழற்ற முடியாததை, குருவம்மாள் முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு கழுத்து என்று தானே கழற்றித் தன் டிபன் டப்பாவில் போட்டு மூடினாள். ஷிப்ட் முடிந்ததும் கேட்டைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டாள். தினமும் அப்படித்தான். காலையில் விதவையாகி, சாயங்காலம் சுமங்கலியாகிற ஒருத்தியை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் அதுவும் நாளடைவில் பழகிவிட்டது.

தலைமுடியைத் தொப்பிக்குள் அடக்கக் கற்றுக்கொண்டாள். சேலைக்கு மேலே கோட்டு மாட்டினாள். சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் கையுறை போடக்கூடாது, உறை சிக்கினால் கையும் சேர்ந்து போகும் என்று தெரிந்துகொண்டாள். கரண்டை நிறுத்தினாலும் உருளை உடனே நிற்காது. வேகம் அடங்க நேரமாகும். நின்றுவிட்ட மாதிரி தெரிகிறபோதும் சுற்றிக்கொண்டிருக்கும். "கண்ண நம்பாதீங்கக்கா, அது நிக்கிற வரைக்கும் கையக் கட்டிட்டு நில்லுங்க" என்பாள் ஜெபராணி. ஒரு தரம் குருவம்மாள் அவசரப்பட்டு மூடியில் கை வைத்தபோது, மணிக்கட்டில் சுளீரென்று அடி விழுந்தது. அடித்தவள் ஜெபராணி. "வளையலக் கழட்டுனா போதுமா, கை வேண்டாமா?" என்று கத்திவிட்டு, தான் சொன்னது என்னவென்று தெரிந்து, ஓரமாகப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிரியம் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் குருவம்மாள் ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பாள். வாய் மூடாமல் பேசுவாள். நாத்தனார் மகள் சமைந்தது, தெருக்குழாயில் தண்ணீர் நின்றது, இன்றைக்குப் பெல்ட் மாட்டப் பழகியது, பேரிங்கை ஒரே பக்கமாக அடித்தால் கோணிக்கொள்ளும், சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும் என்று படித்தது. "இதத்தான் இத்தன நாளும் பெரிய வித்தை மாதிரி சொல்லிட்டு இருந்தீகளாக்கும்" என்று கேலி பண்ணுவாள். உள்ளே தட்டு நிற்காமல் கேட்கும். உயிரோடு இருந்தபோதும் அவன் அவ்வளவுதான் பேசுவான் என்பதால் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களையெல்லாம் கழுவிச் சந்தனம் பூசினார்கள், பொரிகடலை வைத்தார்கள், ஏழாம் நம்பருக்கும் அதன் பூட்டுக்கும் பொட்டு வைத்தார்கள். ஆயுதத்தைச் சாமிக்கு வைத்த நாளில் யாரும் அதைத் தொடக்கூடாது. அந்த மரியாதை தெரிந்தவன்தானே சங்கரபாண்டியும், அன்றைக்கு உள்ளே சத்தம் நின்றுபோனது. எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குருவம்மாள் மட்டும் மூடியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. பொரியை நீட்டியவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் முதல் சங்குக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே யாரோ இருமினார்கள், பிறகு சுத்தியல் சத்தம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தபடியே வேலைக்குப் போனாள்.

அந்த வாரம்தான் அவளுக்கு முதல்முறையாக முழு வேலை கொடுத்தார்கள். பதினோராம் நம்பரில் ஒரு பேரிங். மிஷினுக்குக் கீழே மல்லாந்து படுத்து, மூக்கில் பஞ்சு அடைக்க, கண்ணில் கிரீஸ் வழிய, சுத்தியலைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி அடித்து, காலையில் ஆரம்பித்தது சங்கு ஊதும்போதுதான் முடிந்தது. வெளியே வந்தபோது வலதுகையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. டிபன் டப்பாவைத் திறக்க விரல் மடங்கவில்லை. வளையலை மாட்டாமலே நின்றாள். இந்தக் கையோடுதான் இந்த மனுஷன் தினமும் வீட்டுக்கு வந்து சோப்பை எடுத்தானா, இதற்குத்தானா நான் தினமும் கத்தினேன் என்று தன் கையையே பார்த்தாள். ஏழாம் நம்பரைத் தாண்டும்போது நின்று கேட்டாள். அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி நீண்டிருந்தது. சுத்தியலைத் தூக்குகிறவன் இரண்டு கையாலும் தூக்குகிறான் என்பது இப்போது அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. இருமல் வந்தது. கார்டிங்கில் எல்லோருக்கும் ஷிப்டு மாற்ற ஆள் வருகிறது, இவனுக்கு மட்டும் வரவில்லை. வரவிடாமல் கடுகுக்குள் புதைத்து வைத்திருக்கிறவள் யார்?

மறுநாள் ஜெபராணியிடம் போய், "டீச்சர், ஏழாம் நம்பர் சாவி எங்கிட்ட இருக்கு" என்றாள்.

ஜெபராணிக்குக் கோபம் வந்தது. "எப்பலருந்துக்கா?"

"அவுக போனதுலருந்து."

"ஷெட்டே திண்டாடுது, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா வாங்கிருவீகன்னுதான்."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"அவுகளுக்குக் கை வலிக்கும் டீச்சர்."

ஜெபராணி ஏழாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சாவி இருந்தாலும் தட்டு வந்தா தொறக்க முடியாதுக்கா. யாரா இருந்தாலும்" என்றாள்.

"அரைகொறையா விட்டுட்டு வர்ற பழக்கம் அவுகளுக்குக் கெடையாது. அந்த மிச்சத்த நான் முடிச்சுக் குடுக்கேன். அப்பறம் கேளுங்க."

சுவிட்சுக் கொண்டியில் சிவப்புப் பூட்டுக்குப் பக்கத்தில் குருவம்மாள் தன் மஞ்சள் பூட்டை மாட்டினாள். சாவியைக் கோட்டுப் பையில் போட்டாள், அவன் சாவியும் அங்கேதான் இருந்தது. அய்யாத்துரை மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் உள்ளே தவழ்ந்து, அவன் வைத்துவிட்டுப்போன இடத்திலேயே கிடந்த சுத்தியலை எடுத்தாள். பிடியில் அவன் பெருவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. பேரிங்கின் உள்வளையத்தில் குழாய்த்துண்டை வைத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று சுற்றிச் சுற்றி அடிக்க ஆரம்பித்தாள். அவள் ஒன்று அடித்தால் பக்கத்திலேயே இன்னொரு அடி கேட்டது. உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிப்பதுபோல, அவள் அடி, அவன் அடி, அவள் அடி, அவன் அடி என்று அது போய்க்கொண்டிருந்ததை வெளியே நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்ததே அன்றைக்குத்தான். அவளுக்கு அது முடியவே வேண்டாம் என்றிருந்தது. அடியை மெதுவாக்கிப் பார்த்தாள். ஆனால் பேரிங் யாருக்காகவும் காத்திருக்கிறதா என்ன, ஒரு அடியில் டொக் என்ற சத்தம் மாறி ணங் என்று கேட்டது. போய் உட்கார்ந்துவிட்டது. பதிலுக்கு அடி வரவில்லை. அவள் இன்னொரு தரம், தேவையே இல்லாமல், அடித்துப் பார்த்தாள். வரவில்லை.

உள்ளேயே கொஞ்சநேரம் படுத்துக்கிடந்தாள். பிறகு கிரீஸை நிரப்பினாள், மூடிப் போல்ட்டுகளைக் குறுக்கு நெடுக்காக இறுக்கினாள், பெல்ட்டை மாட்டினாள், கொண்டுபோன சாமானை எல்லாம் ஒன்றுவிடாமல் வெளியே வைத்துச் சரிபார்த்தாள். அவன் சுத்தியலையும் வைத்தாள். எழுந்து மூடியில் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்றாள். ஒன்றும் வரவில்லை. "உள்ள ஆள் இருக்கா?" இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் நடுவில் அவள் காத்திருந்த நேரம் எந்த முறையிலும் கிடையாது, ஆனாலும் ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தரம் மூடிக்குக் குனிந்தாள். "உள்ள… இருக்கீகளா?"

சிவப்புப் பூட்டைத் திறந்தாள். தன்னுடையதையும் திறந்தாள். இனி அவள் சொல்ல வேண்டும். சாவு வீட்டுப் பந்தலில் சொல்லாத சொல், நாத்தனாரைச் சொல்லவிடாத சொல், தனியே இருக்கும்போதுகூட வாயில் வராத சொல். பூட்டை எடுத்தவர்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் அவளுக்காகச் சொல்ல முடியாது. ஜெபராணி பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் தொடவில்லை. குருவம்மாள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மூச்சை இழுத்து மறுபடி திறந்தாள்.

"ஆள் இல்லை!"

"இல்லை" என்றார் எட்டாம் நம்பர்க்காரர்.

"இல்லை" என்றாள் ஒன்பதாம் நம்பரில் நின்ற பெண். "இல்லை" என்றார்கள் பத்தில், பதினொன்றில். அந்தச் சொல் மிஷின் மிஷினாகத் தாண்டி, நூல் பகுதிக்குள் போய், கிடங்கு வரைக்கும் போய், கடைசிச் சுவரில் முட்டியது. அத்தனை பேர் சேர்ந்து ஒரு மனுஷனை இல்லை என்று சொல்லி முடித்தார்கள். அவள் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். உருளை சுற்றியது, இத்தனை நாள் உள்ளே தேங்கிக்கிடந்த பஞ்சு மெல்லிசாக வெளியே வந்தது. யாரோ கைதட்டப் போனார்கள், அய்யாத்துரை முறைத்த முறைப்பில் கையைத் தொங்கவிட்டார்கள்.

சங்கு ஊதியதும் அவள் டிபன் டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் விறகை எரியவிட்டு வெந்நீர் போட்டாள், பழைய இடத்தில், தட்டிமறைப்புக்குப் பக்கத்தில் வாளியை வைத்தாள். புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்துக் கல்லின் மேல் வைத்தாள். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே வந்து, கொல்லைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்தபோது எழுந்து போய்ப் பார்த்தாள்.

வாளி காலியாக இருந்தது. அடியில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. துண்டு நனைந்திருந்தது. வெள்ளைச் சோப்பின் மேலே ஒரு கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். "சோப்புல கிரீஸ அப்பி வெக்காதீகன்னு எத்தன தடவதான் சொல்றது?" என்று கத்தினாள், தெருவுக்கே கேட்கும்படி, தினமும் கத்துகிற அதே குரலில். கத்திவிட்டு, பதிலுக்கு அவன் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிற நேரம்வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, அவன் செத்துப்போன நாளிலிருந்து அழாத அழுகையை அழுதாள். நாத்தனாரும் தெருப்பெண்களும் ஓடிவந்து சுற்றி உட்கார்ந்தார்கள். வெறும் கையை நீட்டினாள், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சோப்பை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.